தலையில் அடிபட்டவருக்கு நரம்பு உளவியல் சோதனை: வழக்குக்குப் போகும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து வழக்கு வேலையாக வரும் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் மருத்துவ உளவியலாளர். தலையில் அடிபட்டவர்களைச் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. கீழே வரும் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. உங்கள் வழக்குக்கு அவை எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையில் அடிபட்டவருக்கு இழப்பீடு பேசிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு, "ஆள் முன்னே மாதிரி இல்லையே" என்று அழுதுகொண்டு வரும் குடும்பங்களைப் பார்ப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் எதற்கு இன்னொரு சோதனை?

விபத்து அன்று எடுக்கும் சி.டி. ஸ்கேன் அவசரத்துக்கானது. மண்டை ஓடு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா, உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்க்கத்தான் அது. வேகமாகப் போன மோட்டார் சட்டென்று நிற்கும்போது மண்டைக்குள் மூளை ஆடுகிறது, அதன் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இந்தச் சேதம் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் கூடுதலாகத் தெரியும், ஆனால் அதிலும் எல்லாம் தெரிந்துவிடாது.

தவிர, மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) காலையில் சொன்ன வேலை மத்தியானம் வரை நினைவில் நிற்குமா என்பதை எந்தப் படமும் காட்டாது. அதை ஆளைச் செய்யவைத்துத்தான் பார்க்க முடியும். நாங்கள் அளப்பது கவனம், நினைவு, யோசிக்கும் வேகம், திட்டமிடும் திறன், மொழி, கண்ணால் பார்த்ததைக் கையால் செய்வது ஆகியவற்றை. மனநிலையையும் சேர்த்துப் பார்ப்போம். கிடைத்த மதிப்பெண்ணை அதே வயதும் அதே அளவு படிப்பும் உள்ளவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுகிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்கேனில் தழும்பு தெரிந்தாலே ஆள் முடங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. படம் மோசமாக இருந்தும் வேலைக்குத் திரும்பி நன்றாக இருப்பவர்களும் உண்டு.

இது பைத்தியமா என்று பார்க்கிற சோதனையா? வெளியே தெரிந்தால் அசிங்கம்.

இல்லை. நம் பேராக்கில் இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை இருப்பதால், அந்த ஊர்ப்பெயரையே நாம் ஏச்சாக்கிவிட்டோம். அடிபட்ட காலை எலும்பு மருத்துவர் அளப்பது போலத்தான் இது, அடிபட்ட மூளையின் வேலையை அளப்பது. மனநல மருத்துவமனைக்குப் போவதிலும் ஒரு அசிங்கமும் இல்லை.

என் வீட்டுக்காரர் நல்லாத்தான் பேசுகிறார், நடக்கிறார். ஆனால் ஆளே மாறிட்டார். இதை எப்படிக் கோர்ட்டில் சொல்வது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், கவனமாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

மூளையின் முன்பகுதியும் காதோரப் பகுதிகளும் மண்டை ஓட்டின் கரடுமுரடான உட்புறத்தை ஒட்டி இருக்கின்றன. விபத்தில் அதிகம் அடிபடுவதும் அவைதான். முன்பகுதிக்கு ஏதாவது ஆனால் பெரும்பாலும் பேச்சு கெடாது, நடை கெடாது. ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, நடுவில் விடாமல் முடிப்பது, கோபத்தை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது எல்லாம் கெடும். சிலருக்கு வாசனையே தெரியாமல் போகும், மீன் கெட்டுப்போனது கூட மூக்குக்கு எட்டாது. குடும்பத்தார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது முக்கியமான துப்பு.

செம்பனை வெட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குலை பழுத்துவிட்டதா என்று கீழே கிடக்கும் உதிரிப் பழத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீளக் கம்பின் நுனியில் உள்ள அரிவாளை எங்கே வைப்பது, மட்டை எந்தப் பக்கம் விழும், எந்த வரிசை முடிந்தது, எத்தனை குலை ஆயிற்று என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இதைப் படிப்பில்லாத வேலை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். முன்மூளை அடிபட்டவருக்குக் கை வலுவாகவே இருக்கும். ஆனால் பாதி வரிசையை விட்டுவிடுவார், பழுக்காத காயை வெட்டுவார், மண்டோர் கேட்டால் சண்டைக்குப் போவார். மூன்று மாதத்தில் வேலை போகும். "சோம்பேறி ஆயிட்டான்", "தண்ணி போட ஆரம்பிச்சிட்டான்" என்று ஊர் பேசும்.

இன்னொரு சிக்கல், அவருக்கே தன் மாற்றம் தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர்" என்பார். அது பொய் இல்லை. தன் குறையை உணரும் திறனும் மூளையின் வேலைதானே, அதுவும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்று கேட்கும்போது இப்படிப்பட்டவர் சில சோதனைகளை நன்றாகவே செய்துவிடுவார்.

அதனால்தான் மனைவியையும் உடன் வேலை செய்தவரையும் தனியாகப் பேட்டி எடுக்கிறேன். வரும்போது "மாறிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அடுப்பை எரியவிட்டு வெளியே போனார், சம்பளத்தை ஒரே நாளில் செலவழித்தார், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தடுமாறினார் என்று நடந்ததை நடந்தபடி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. மதிப்பெண்ணும் அந்த நோட்டும் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் அறிக்கை நிற்கும்.

அடி எவ்வளவு கடுமை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

விபத்து நாளின் பதிவுகளை வைத்து. ஆம்புலன்ஸிலும் அவசரப் பிரிவிலும் கிளாஸ்கோ கோமா அளவு என்று ஒன்றை எழுதுவார்கள், 3 முதல் 15 வரை. 13க்கு மேல் லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8க்குக் கீழ் கடுமை. 13உம் 8உம் அந்தந்த வகையிலேயே சேரும். அப்புறம், விபத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் நினைவு தொடர்ச்சியாகப் பதியவில்லை என்று பார்ப்போம். ஒரு நாளுக்குள் என்றால் லேசு, ஒரு வாரத்தைத் தாண்டினால் கடுமை. பலரும் மறந்த நேரத்தை மயங்கிக் கிடந்த நேரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். வார்டில் கண்ணைத் திறந்து உறவினரோடு பேசியவருக்கும் அந்த நாட்கள் நினைவே இல்லாமல் இருக்கலாம்.

எப்போது வர வேண்டும்?

லேசான அடி என்றால் பெரும்பாலானவர்கள் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். நடுத்தரமோ கடுமையோ என்றால் முதல் ஆறு மாதம் வேகமான தேறுதல், பிறகு மெதுவாக இரண்டு வருடம் வரை. நிரந்தரக் குறை எவ்வளவு என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல, விபத்து நடந்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால் நல்லது. சிகிச்சைக்காக அதற்கு முன்னால் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் ஒரே சோதனையைத் திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். ஏற்கெனவே எங்காவது சோதித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்தின் கடிகாரம் வேறு. 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி விபத்து வழக்குக்குப் பொதுவாக 6 வருடம். எதிர்த்தரப்பு அரசாங்க வண்டியோ அரசாங்க மருத்துவமனையோ என்றால் 36 மாதம்தான். பிள்ளைகளுக்கும் மனநிலை பாதிக்கப்பட்டவர்களுக்கும் கெடு நீளும் வழிகள் உண்டு, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தார். உங்கள் சோதனையில் அவர் முட்டாள் என்று வந்துவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. சோதனை செய்பவர் கவனமில்லாதவராக இருந்தால் அப்படித்தான் வரும்.

பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் அறிவுத்திறன் அளவுகோலில் சராசரி 100. அந்தச் சராசரி, எந்த நாட்டு மக்களை வைத்துக் கணக்கிட்டார்களோ அவர்களுடையது. ஆறு வருடம் படித்து, பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவரை அந்த எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால், விபத்தே நடக்காமலும் அவருக்குக் குறை இருப்பதாகக் காட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டு, "இவர் முன்பும் இப்படித்தான்" என்பார். இரண்டும் அநியாயம்.

சிறிய விஷயங்களிலும் மொழி நுழைகிறது. எண்களைச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. ஆங்கிலத்தில் எண்கள் பெரும்பாலும் ஒரே அசை. தமிழிலும் மலாயிலும் பெரும்பாலும் இரண்டு. சொல்ல நேரம் கூடினால் மனத்தில் நிற்கும் எண்கள் குறையும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றி இணைக்கும் சோதனையில் ஆங்கில அகரவரிசை வருகிறது, அது நாக்கில் ஓடாதவருக்கு மெதுவாகத்தான் வரும். விபத்துக்கு முந்தைய திறனை மதிப்பிட ஆங்கிலத்தில் ஒரு வழி உண்டு. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பொருந்தாத சொற்களைப் படிக்கச் சொல்வார்கள். தமிழை எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் எந்தச் சொல்லையும் படித்துவிடுவார், அதனால் அந்த வழி நமக்கு உதவாது.

அப்படியென்றால் அப்பாவின் பழைய திறனை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் வாழ்க்கையிலிருந்து. லாரி லைசென்ஸ் எடுத்தாரா, கோவில் கமிட்டியில் கணக்கு எழுதினாரா, சீட்டு நடத்தினாரா, கிராணி (தோட்டத்து எழுத்தர்) விடுப்பில் போனால் செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, பார்த்தாரா? சீட்டு நடத்தியவர் ஒரு காலத்தில் இருபது பேரின் தவணையை மனக்கணக்கில் வைத்திருந்தவர். இன்று பத்து வெள்ளிக்கு மீதி எண்ணத் தடுமாறுகிறார் என்றால், அந்த வித்தியாசம்தான் நான் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியது.

சோதனையைத் தமிழிலேயே செய்ய முடியுமா? நானே கூட இருந்து மொழிபெயர்க்கிறேனே.

தமிழ் தெரிந்த உளவியலாளர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், அவர் இருந்தார் என்று அறிக்கையில் எழுதவும் வேண்டும். மகனோ மனைவியோ கூடாது. பாசத்தில் கேள்வியை விளக்கிவிடுவீர்கள், இல்லையென்றால் "இது தெரியாதாப்பா?" என்று அவரைப் பதற்றப்படுத்துவீர்கள். சோதனை நேரத்தில் அறையில் உறவினர் உட்கார்ந்திருந்தாலே மதிப்பெண் மாறும். வெளியே காத்திருங்கள், உங்கள் நேரம் தனியாக வரும்.

சோதனை நாளுக்கு எப்படித் தயாராவது?

தயாராகவே வேண்டாம். தூங்கி, சாப்பிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டு வரட்டும். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மறக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் பேட்டியும் சோதனையும் சேர்ந்து நாலிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். களைத்தால் இரண்டு நாளாகப் பிரிப்போம். முதல் நாள் இரவு குடித்தவரைச் சோதிக்க மாட்டேன்.

கொண்டுவர வேண்டியவை: மருத்துவமனைப் பதிவுகள், போலீஸ் ரிப்போர்ட், பழைய பள்ளி ரிப்போர்ட் புத்தகம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு இருந்தால் அது, விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளச் சீட்டுகள், இபிஎஃப் (சேமநிதி) கணக்கறிக்கை, எம்.சி.கள் (மருத்துவ விடுப்புச் சான்றுகள்). வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றால் வழக்கறிஞர் மூலம் மருத்துவமனையில் எழுதிக் கேட்கலாம்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால் காசு கூடக் கிடைக்கும் என்கிறார்களே?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையாகவே அடிபட்ட ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொல்லி, தன் நியாயமான வழக்கையே கெடுத்துக்கொள்வதைவிட வருத்தமானது எதுவுமில்லை.

சட்டக் காரியத்துக்கான சோதனை எதிலும், ஒருவர் உண்மையாக முயல்கிறாரா என்று பார்க்கும் வழிகள் உள்ளேயே இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் சோதனை எல்லோருக்குமே பயனற்றதாகிவிடும். மூளை அடிபட்டவருக்குக் கெடும் விஷயங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, நடிப்பவருக்கு அந்த ஒழுங்கு தெரியாது. முயற்சி போதவில்லை என்று வந்தால், மற்ற மதிப்பெண்கள் எதையும் நான் நம்பி எழுத முடியாது.

அதே நேரம், முயற்சி குறைவாகத் தெரிந்த உடனே "நடிப்பு" என்று முத்திரை குத்துவதும் தப்பு. தூக்கமின்மை, வலி, மன அழுத்தம், வலிப்பு மருந்தின் மந்தம், கேள்வியே சரியாகப் புரியாமை எல்லாம் அப்படிக் காட்டலாம். ஒவ்வொன்றையும் தேடிப் பார்ப்பது சோதனை செய்பவரின் கடமை. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்து, எதிர்த்தரப்பு பழைய மருத்துவப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டினால் மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

நீங்கள் எங்கள் பக்கம்தானே?

உங்கள் வழக்கறிஞர் கேட்டு, உங்கள் தரப்பு பணம் கொடுத்தாலும், 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின் 40ஏ ஆணைப்படி நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான். குறை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுவேன். இது சிகிச்சையும் இல்லை. என்னிடம் சொல்வது அறிக்கையில் வரலாம் என்று சோதனை தொடங்கும் முன்பே சொல்லி, கையெழுத்து வாங்குவேன். அறிக்கை உங்கள் வழக்கறிஞருக்குப் போகும். எதிர்த்தரப்பும் தன் நிபுணரை வைத்து ஒருமுறை சோதிக்கக் கேட்கலாம், அது வழக்கமானதுதான்.

தோட்டத்து வேலையில் அடிபட்டால் சொக்சோ போதுமா?

வேலை நேரத்தில் மட்டை தலையில் விழுந்தாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தாலும் சொக்சோ, அதாவது பெர்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, உண்டு. நிரந்தரக் குறை எத்தனை சதவீதம் என்று அதன் மருத்துவர் குழு தீர்மானிக்கும். கை கால் குறை அந்தக் குழுவின் கண்ணுக்குத் தெரியும். நினைவுக் குறை தெரியாது, கையில் அறிக்கை இருந்தால்தான் தெரியும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம், வேலைக் காயத்துக்காக முதலாளி மீது தனியாக வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. ஆனால் வேலைக்குப் போகும்போது வேறொருவர் வண்டி மோதியிருந்தால், அவர் மீதான வழக்கு தனி. ஒன்று கிடைத்தது என்பதற்காக மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அறிக்கை எப்படி வெள்ளியாக மாறுகிறது?

மூளைக்காயத்தின் வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, பராமரிப்புச் செலவுக்கு ஒரு தொகை, இழந்த வருமானத்துக்கு ஒரு தொகை என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும். வருமானக் கணக்கு 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, காயம்பட்டபோது 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 வருடக் கணக்கு. 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து, பாதியாக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 வருகிறது. மாதம் 1,500 வெள்ளி வருமானம் குறைந்திருந்தால் 1,500 × 12 × 10, மொத்தம் 180,000 வெள்ளி. இந்த 1,500 என்ற எண்ணை நிரூபிப்பதில்தான் என் அறிக்கைக்கு வேலை: இனி அவரால் எந்த வேலை முடியும், எது முடியாது, ஏன்.

பணம் வந்தால் யார் கையில் கொடுப்பார்கள்? அவர் ஒரே மாதத்தில் அழித்துவிடுவார்.

தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் சார்பில் வழக்கு நடத்த ஒரு பிரதிநிதி வேண்டும். பெரும்பாலும் மனைவியோ அண்ணனோ. அப்படிப்பட்டவரின் வழக்கில் பேசி முடிக்கும் தொகை நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும், குடும்பம் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. அதற்குப் பிறகு சொத்தை நிர்வகிக்க, 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றம் விசாரித்து ஒருவரை நியமிக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பணத்தைத் தாறுமாறாகச் செலவழிக்கும் எல்லோரும் திறனற்றவர்கள் இல்லை. ஒருவரின் கையெழுத்து உரிமையை எடுப்பது பெரிய காரியம். அண்ணன் தம்பிக்குள் சண்டை என்பதற்காக அதைக் கேட்டு வருபவர்களுக்கு நான் உதவுவதில்லை.

பாட்டிக்கு மறதி. உயில் எழுதலாமா?

மறதி என்ற பெயரே தடை இல்லை. 1870இல் இங்கிலாந்தில் வந்த பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ தீர்ப்பின் அளவுகோலைத்தான் நம் நீதிமன்றங்களும் பார்க்கின்றன. உயில் என்றால் என்ன என்று பாட்டிக்குத் தெரிகிறதா, தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிகிறதா, யாருக்கெல்லாம் உரிமை உண்டு என்று தெரிகிறதா, வீண் பிரமை எதுவும் முடிவைத் திருப்பவில்லையா? வீடு, நகை, தாத்தா சேர்த்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்கு என்று பாட்டி தன் வாயாலேயே சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. கையெழுத்துப் போடும் அதே வாரத்தில் சோதித்து எழுதி வைத்தால் பின்னால் பேரப்பிள்ளைகளுக்குள் வழக்கு வரும் வாய்ப்பு குறையும். அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) போதும் என்று நினைக்காதீர்கள். கொடுத்தவர் மனத்திறன் இழந்துவிட்டால் மலேசியாவில் அது செல்லாது.

விபத்தில் அடிபட்ட பையனுக்கு ஏழு வயது. இப்போது நன்றாக இருக்கிறான். பேசி முடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பிள்ளைகளின் முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. ஏழு வயதில் அம்மா பையை அடுக்கித் தருகிறார், டீச்சர் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார், குறை தெரியாது. இடைநிலைப்பள்ளிக்குப் போய், தானாகத் திட்டமிட வேண்டிய வயதில்தான் தெரிய வரும். இப்போது ஒன்று, ஆரம்பப்பள்ளி முடியும்போது ஒன்று என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. எத்தனை நாள் வழக்கைக் காத்திருக்க வைக்கலாம் என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

போலீஸ் கேஸில் இருக்கும் தம்பிக்கு இது உதவுமா?

குற்றம் நடந்த நேரத்தில் தான் செய்வதன் தன்மையோ தப்பென்றோ தெரியாத அளவு மனநிலை பிறழ்ந்திருந்ததா என்பது தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு. அதை அரசாங்க மனநல மருத்துவர் பார்ப்பார். நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்குக் கண்காணிப்புக்கு அனுப்புவார்கள், முதல் தடவை ஒரு மாதத்துக்கு மிகாமல். தம்பிக்குப் பழைய தலைக்காயம் இருந்தால் அதன் பதிவுகளை முதல் நாளே வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

வார்டிலேயே ஒருவர் வந்து, "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், கையெழுத்து போடுங்க" என்றார். போடலாமா?

போடாதீர்கள். வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இவர்களுக்கு, கேஸ் சீக்கிரம் முடிந்தால்தான் லாபம். மூளைக்காயத்துக்கோ காலம் தேவை. கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. வசதி இல்லையென்றால் ஈப்போவில் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் உதவி மையமும் இருக்கின்றன. சோதனைக் கட்டணத்தை வழக்குச் செலவில் சேர்த்துக் கேட்க முடியுமா என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். சோதிப்பவர் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டப்படி பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, மூளைக்காயம் பார்த்த அனுபவம் உண்டா என்று நேராகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.